ஐந்து காரும் ஒரே உலையும்

சேசு மரி சூசை

நாரந்தனை,
22.05.2005

அன்பு மகன் றொஜனுக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவருடைய கிருபையால் நானும் அம்மாவும் எழும்பி நடமாடித் திரிகிறோம், கண்ணும் காதும் இன்னும் சொல்வழி கேட்கின்றன, அங்கே லண்டனில் நீரும் நிலக்சனாவும் பேரனும் ஜெயந்தா குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று பின்னேரச் செபமாலையில் தினமும் பெயர் சொல்லிக் கேட்கிறோம். ஜெயந்தா குடும்பமும் என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர். உமது காகிதமும் படமும் அதற்குள் மடித்து வைத்த உமது நகரசபைக் கவுன்சில் கடிதத்தின் பிரதியும் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. பிறந்த நாள் தொடக்கம் உம்மை நான் நீ என்றுதான் கூப்பிட்டேன், காகிதத்திலும் அப்படித்தான் எழுதினேன். இந்த முறை நீர் என்று எழுதுகிறேன், கோபம் என்று நினைக்கவேண்டாம். ஐந்து வாகனம் நிற்கிற வளவுக்குச் சொந்தக்காரரை, கூடப்பிறந்த அக்காவையும் அத்தானையும் இன்ன திகதிக்குள் வீட்டைவிட்டு எழும்புங்கோ என்று சொல்லக்கூடிய பெரிய வீட்டுக்காரரை, நாரந்தனைக் கரையில் வலை இழுக்கிற குருசுமுத்து நீ என்று கூப்பிடுவது மரியாதை இல்லை என்று பட்டது.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா கண்ணாடியைச் சேலைத்தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசலடி வெளிச்சத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார், கன நேரம் பார்த்தார், பிறகு 'இஞ்சருங்கோ, வீட்டைக் காணேல்லை' என்றார். உண்மைதான், காருக்குப் பின்னால் கார், அதற்குப் பின்னால் ஒரு கதவின் மேல்பாதி, அதற்குமேல் ஒரு யன்னல், வீடு என்று இருப்பது அவ்வளவும்தான். நீர் படத்தின் பின்பக்கம் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். நீலம் உமக்கு வேலைக்குப் போக, சிவப்பு நிலக்சனாவுக்கு, பெரிய கறுப்பு கலியாண வீடுகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், சாம்பல் நிறம் ஏலத்தில் எடுத்துத் திருத்தி விற்பதற்கு. கோயிலுக்குப் போகவென்று தனியாக ஒரு கார் வைத்திருக்கிறவரை ஆண்டவர் தூரத்தில் வரும்போதே அடையாளம் கண்டுகொள்வார், அந்த வகையில் உமக்கு ஒரு குறையும் வராது. ஐந்தாவதைப் பற்றி நீர் ஒன்றும் எழுதவில்லை. படத்தின் மூலையில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிற பழைய வெள்ளை வான், அது உமது அக்கா ஜெயந்தாவின் மனுசன் அம்புறோஸ் விடிய எழும்பிப் பேக்கரி வேலைக்குப் போகிற வான் என்று எங்களுக்குத் தெரியும். மேல் யன்னலுக்குள் ஜெயந்தா நிற்கிறாள், உமது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அதையும் நீர் கவனித்திருக்கமாட்டீர், கவனித்திருந்தால் வேறு படம் அனுப்பியிருப்பீர்.

போன வருசப் படத்தில் நீர் நிற்கிற இடத்தில் பசும்புல்லும் ஒரு றோசாச் செடியும் நின்றதாக அம்மா சொல்கிறார். இப்போது மதில் தொடக்கம் கதவு வரைக்கும் சீமெந்து. இங்கே தண்ணீர்ப் பவுசர் வருகிற நாளில் வாளியோடு வரிசையில் நின்று தண்ணீர் கொண்டுவந்து, அரிசி கழுவின தண்ணீரையும் சிந்தாமல் ஒரு முருங்கைக்கு ஊற்றுகிறவர் உமது தாய். வானத்திலிருந்து கேட்காமலே தண்ணீர் விழுகிற ஊரில் போய் ஈரமண்ணைத் தேடி மூடுகிறதற்கு நாங்கள் ஒரு பிள்ளையைப் பெற்று அனுப்பியிருக்கிறோம் என்று சொன்னார். நான் ஆறுதல் சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் பட்டது.

இனி உமது காகிதம். முதல் இரண்டு பக்கமும் உமக்கு நடந்த கொடுமை. சொந்த வளவுக்குள் சொந்தக் காரை விட ஏலாதாம், இந்த நாட்டில் எங்களைப்போல ஆட்களை நசுக்குகிறார்களாம், பேசாமல் இருந்தால் நாளைக்கு வீட்டுக்குள்ளும் வருவார்களாம். நசுக்குப்பட்டவரைப் படத்தில் பார்த்தேன், உமது சேட்டுப் பொத்தான்கள்தான் நசுக்குப்படுகின்றன, இரவில் சோற்றைக் குறைத்துக்கொள்ளும், எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஐம்பதுக்குள் சீனி வருத்தம் வந்துவிடுகிறது. கொடுமை என்ற சொல்லை எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். இந்தக் கரையில் நேவி சொன்னபடி வள்ளத்துக்கு நம்பர் எழுதி, எல்லா வள்ளத்தையும் ஒரே இடத்தில் கட்டி, போகச் சொன்ன நேரம் போய் வரச் சொன்ன நேரம் வந்து, அனுமதிப் பாசைக் காட்டி எண்ணிக் கணக்குக் கொடுத்துத் தொழில் செய்தோம், என்னுடைய வள்ளத்தை என்னுடைய வளவுக்குப் பின்னால் விட எனக்கு உரிமை இருக்கவில்லை. அதைப் பற்றி நான் உமக்கு ஒரு காகிதத்தில் ஒரு வரி எழுதினதுண்டா? இப்போது ஓய்ந்திருக்கிறது, நாளைக்கு எப்படியோ தெரியாது, அதையும் எழுதமாட்டேன். நாலு காருக்கு இடம் தேடி அழுகிறவருக்கு இதெல்லாம் விளங்காது.

சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. இந்த நாட்களில் வெளியூர் வள்ளங்களும் காற்றுக்கு ஒதுங்கி எங்கள் கரைக்கு வரும் என்று உமக்குத் தெரியும், மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நேற்றும் மெலிஞ்சிமுனைப் பக்கத்து வள்ளம் ஒன்று வந்தது, இருக்கிற வள்ளங்களைப் பத்துப் பேர் தோள் கொடுத்து ஒரு முழம், அரை முழம் என்று தள்ளிப் போட்டு அதற்கு இடம் எடுத்தோம். மூன்று வள்ளம் வைத்திருக்கிறவன் முதலில் தன்னுடையதைத் தள்ளுவான், அது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. தன்னுடைய மூன்றையும் விரித்து வைத்துக்கொண்டு ஒற்றை வள்ளக்காரனைப் பார்த்து, நீ வேறு கரை பார் என்று சொன்ன ஒருவனை என்னுடைய எழுபத்தொரு வயதுக்குள் நான் காணவில்லை. இனிக் காணமாட்டேன் என்று நினைத்திருந்தேன், தபாலில் வந்துவிட்டது.

மூன்றாம் பக்கத்தில்தான் விசயத்துக்கு வந்தீர். உமது வசனத்தை அப்படியே இறக்கி எழுதுகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லவேண்டி வராது. 'கவுன்சில் சட்டப்படி ஒரு வீட்டிலை அந்த வீட்டுக் குடும்பத்தின்ரை வாகனம் மட்டும்தான் நிக்கலாம், அக்காவும் அத்தானும் வேறை குடும்பம், அத்தான்ரை வான் நிண்டால் எனக்குத் தண்டம் வரும், அதாலை ஆடி முடியமுதல் அவை வேறை வீடு பாக்கவேணும், இது நான் சொல்லேல்லை அப்பா, சட்டம் சொல்லுது.' நாங்கள் நம்பவேண்டும் என்பதற்காகத்தான் கவுன்சில் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்பினீர். இங்கிலீசில் அடித்து மேலே சின்னம் போட்ட கடதாசியைக் கண்டால் அப்பா அதை அந்தோனியார் படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஐயோ பாவம் பிள்ளை என்ன செய்யிறது என்று இருந்துவிடுவார் என்று நினைத்தீர். எனக்கு இங்கிலீசு தெரியாது என்பது உண்மை. இந்தத் தீவில் ஒருவருக்கும் தெரியாது என்று எப்போது முடிவு கட்டினீர்?

அடுத்த நாள் காலமை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஞானசவுந்தரி ரீச்சர் வீட்டுக்குப் போனேன். உமக்கு ஆறு வருசம் இங்கிலீசு படிப்பித்தவர், ஓய்வெடுத்தாலும் பென்சில் இன்னும் காதுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டுக் கடிதத்தை ஒருமுறை சத்தமில்லாமல் வாசித்தார், இரண்டாம் முறை பென்சிலால் கோடு போட்டு வாசித்தார், பிறகு என்னைப் பார்த்து 'இதை உங்கடை மகன் வாசிச்சவரோ' என்று கேட்டார். வாசித்துத்தான் எங்களுக்கு விளக்கம் எழுதியிருக்கிறான் என்று சொன்னேன். 'அவர் மொழிபெயர்ப்பிலை எப்பவும் தனக்கு வேண்டாத வரியை விட்டிட்டுப் போறவர், நான் முட்டைதான் போடுறனான்' என்றார். வெட்கமாக இருந்தது. உமக்கு முட்டை கிடைத்ததற்கு அல்ல, இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவர் அதை மறக்கவில்லை என்பதற்கு.

ரீச்சர் மூன்றாம் முறை தமிழில் வாசித்துச் சொன்னதை இப்போது நான் உமக்குச் சொல்கிறேன், உமது வீட்டுக்கு வந்த கடிதத்தை நாரந்தனையிலிருந்து நான் உமக்கு விளங்கப்படுத்தவேண்டி இருக்கிறது. ஒரு வீட்டில் இருக்கிறவர்கள் தங்கள் பாவனைக்கு எத்தனை வாகனம் வைத்திருக்கலாம் என்று அதில் ஒரு கணக்கும் இல்லை. நாலு என்றால் நாலு, ஏழு என்றால் ஏழு, வளவுக்குள் அடங்கினால் அவர்களுக்கு ஒரு வழக்கும் இல்லை. அவர்கள் ஆட்சேபிப்பது விற்கிறதற்கென்று கண்ணாடியில் கடதாசி ஒட்டி வீட்டுக்கு முன்னால் விட்டிருக்கிற சாம்பல் நிறக் காரை, வீட்டில் இருந்து கார் வியாபாரம் செய்வதென்றால் அனுமதி எடுக்கவேண்டுமாம். அடுத்தது, கறுப்புக் காரின் பின்பக்கம் வளவுக்குள் அடங்காமல் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கிறது, பிள்ளை வண்டி தள்ளுகிறவர்களும் வயசாளிகளும் தெருவில் இறங்கிச் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது என்று அயலவர் முறையிட்டிருக்கிறார்கள். கடைசியாக, நடைபாதை விளிம்பைத் தாழ்த்தி வழி எடுக்காமல் நீர் அதற்கு மேலால் கார் ஏற்றுகிறீர், அதற்கு விண்ணப்பம் கொடுக்கவேண்டும். இவ்வளவும்தான். வெள்ளை வானைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா, அத்தான், ஆடி மாதம், ஒன்றும் இல்லை. 'நல்ல மரியாதையான கடிதம், பிழை விட்டவரைக்கூட ஐயா எண்டுதான் எழுதியிருக்கினம்' என்று ரீச்சர் சொன்னார். அதாவது, மகாராசா, அங்கே நிற்கிற ஐந்தில் குற்றம் செய்கிற இரண்டும் உம்முடையவை. ஒரு குற்றமும் செய்யாமல் மூலையில் நிற்கிறதைத்தான் நீர் கலைக்கப் பார்க்கிறீர்.

அதில் ஒரு சொல்லின் கீழே ரீச்சர் இரண்டு கோடு போட்டார். வீட்டுக் குடும்பம் என்று நீர் எழுதினது அந்தச் சொல்லைத்தான். எனக்கு அதன் இங்கிலீசு வாயில் வராது, அதற்குச் சரியான தமிழ் என்ன என்று கேட்டேன். ரீச்சர் கொஞ்சம் யோசித்து, 'குடும்பம் எண்டு எழுதினது பிழை குருசுமுத்தண்ணை, தாய் தேப்பன் பிள்ளையள் எண்டதுக்கு வேறை சொல்லு இருக்கு, இது ஒரு கூரைக்குக் கீழை ஒண்டாய்ச் சமைச்சுச் சாப்பிடுற ஆக்கள் எல்லாரும்' என்றார். நான் அந்த இடத்திலேயே கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ரீச்சர் தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் எழும்பினேன் என்று உமக்குத் தெரியவேண்டும், தெரியாவிட்டால் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம். யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு ஓடிப்போய் இருந்த நேரம். நானும் அம்மாவும் அதற்கு முதலே மன்னாரில் பெரியம்மா வீட்டுக்குப் போய் அங்கே அகப்பட்டுக்கொண்டோம், நீர் அக்கா அத்தானோடு போய்ச் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தீர். உமக்கு அப்போது இருபத்திரண்டு வயது, மலேரியாக் காய்ச்சலில் பாயோடு கிடந்தீர். நிவாரணத்துக்குப் பதிய எங்கள் ஊர் விதானையார் பரமலிங்கம் கொப்பியோடு வந்தார், அவரும் ஓடி வந்தவர்தான். சட்டம் சொன்னார். குடும்பம் என்றால் புருசன் பெண்சாதி பிள்ளை, கலியாணம் முடிக்காத மச்சான் தனி ஆள், தனி ஆட்களுடைய பதிவு பிறகு, எப்ப எண்டு சொல்ல ஏலாது. அம்புறோஸ் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம், இது நான் சொல்லேல்லை, சட்டம் சொல்லுது என்று. தன்னுடைய கைப்பிள்ளை ஜெனோசனுக்கே போதாத அரிசி, சொல்லியிருந்தால் ஒருவரும் பிழை பிடித்திருக்கமாட்டார்கள். அவன் சொன்னது இதுதான்: 'ஐயா, எங்கடை ஒரே உலை.' விதானையார் லேசில் நம்புகிற மனிதர் இல்லை. 'ஒரே உலையோ' என்று கேட்டுக்கொண்டு விறாந்தை முழுக்க மூட்டியிருந்த கல்லடுப்புகளை எண்ணி எண்ணி வந்து ஜெயந்தாவின் அடுப்புக்கு முன்னால் நின்றார். அவள் பானை மூடியைத் திறந்தாள், கஞ்சி. பக்கத்தில் கோப்பைகள் கழுவி அடுக்கியிருந்தன, விதானையார் எண்ணினார், மூன்று பேருக்கு நாலு கோப்பை. அந்த நாலாவது கோப்பையைக் கண்டபிறகுதான் பேனையைத் திறந்தார். இதை அம்புறோஸ் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை, விதானையார்தான் ஊருக்குத் திரும்பி வந்தபிறகு தன்வாயால் சொன்னார்.

விதானையார் அன்றைக்கு நாலு பெயரும் எழுதித் தந்த நிவாரண அட்டையைக் காட்டித்தான் ஆஸ்பத்திரியில் உமக்கு மருந்து எடுத்தார்கள். அந்த அட்டையில் பெயர் இருந்தபடியால்தான் இந்தப் பிள்ளை இன்னாருடைய வீட்டில் இருக்கிறவர் என்று விதானையார் உமக்குக் கடிதம் தந்தார், அந்தக் கடிதம் இல்லாமல் உமக்கு அடையாள அட்டை இல்லை, அடையாள அட்டை இல்லாமல் கொழும்பு இல்லை, கொழும்பு இல்லாதவருக்கு லண்டனும் இல்லை, கோயிலுக்குப் போகிற கறுப்புக் காரும் இல்லை. அத்தானை வேறு குடும்பம் என்று எழுதினபோது உமது பேனை தடக்காமல் எழுதியிருக்கிறது, நல்ல பேனை.

ஜெயந்தா உமது வீட்டுக்குத் தானாக வந்து ஏறினவள் அல்ல என்பதையும் நீர் மறந்திருக்கலாம், உமக்கு இப்போது யோசிக்கிறதற்கு வாகனங்கள் கூட. போன வருசம் ஆனியில் மூன்று முறை இங்கே ரெலிபோன் எடுத்தீர். 'அக்காவை வரச் சொல்லுங்கோ அப்பா, நிலக்சனா வேலைக்குப் போகோணும், பிள்ளையைப் பிறத்தியாற்ரை கையிலை குடுக்க ஏலாது.' பிரான்சில் அவர்களுக்கு ஒரு சின்ன வீடு இருந்தது, அம்புறோசுக்கு வேலை இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து உமது பிள்ளையைக் குளிக்கவார்த்துத் தீத்தி நித்திரையாக்கினாள். உயிர்த்த ஞாயிறு முடிய உமது பிள்ளை நேர்சரிக்குப் போகத் தொடங்கிவிட்டது என்று நிலக்சனா எழுதியிருந்தாள். உயிர்த்த ஞாயிறு கழிய நேர்சரி, நேர்சரி கழியச் சட்டம். இதை விளங்கிக்கொள்ள ரீச்சரிடம் போகத் தேவையிருக்கவில்லை, அம்மா முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றபடியே விளங்கிக்கொண்டார். வீடு உம்முடையது, இடம் போதாது, எங்களுக்குத் தனியாக இருக்க விருப்பம் என்று வாய் திறந்து சொல்லியிருந்தால் எனக்கு மனவருத்தம் வந்திருக்கும், உம்மில் இருந்த மதிப்புப் போயிருக்காது. அதைச் சொல்ல முதுகெலும்பு இல்லாமல் வெள்ளைக்காரனுடைய கடதாசிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டீர். அதிலும் கெட்டித்தனம் இல்லை, ஒளித்தவர் கால் வெளியில் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை ஊர்காவற்றுறைக்குப் போய் ரெலிபோன் எடுத்து ஜெயந்தாவோடு கதைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை, சுகம்தான் விசாரித்தேன். அவளாகத்தான் சொன்னாள், 'கார் விட இடமில்லையாமப்பா, சட்டமாம், தம்பி பாவம் என்ன செய்வான், நாங்கள் வீடு பாத்துக்கொண்டிருக்கிறம், பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம்தான் மாத்தவேணும்.' தம்பி பாவமாம். அவளுக்கு ஐந்து வருசம் பிரெஞ்சுக்குள் இருந்ததில் இங்கிலீசுக் கடிதம் வாசிக்க ஏலாது, அம்புறோசுக்கும் அப்படித்தான், நீர் சொன்னது அவர்களுக்கு வேதம். எனக்கு நாக்கு நுனியில் வந்தது, விழுங்கிக்கொண்டு ரெலிபோனை வைத்துவிட்டேன். சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே சாமானைக் கட்டியிருப்பாள், சாகும்வரைக்கும் உமது வாசல் மிதித்திருக்கமாட்டாள், அவளுடைய குணம் உமக்குத் தெரியும். எங்களுக்கு இருப்பது இரண்டு பிள்ளை. நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடினபிறகு உங்கள் இரண்டு பேருக்கும் வேறு ஒருவரும் இல்லை. எனக்கு இருக்கிற பயம் அது ஒன்றுதான், அதற்காகத்தான் இந்த நாலு தாளும்.

ஆனபடியால் கேளும். ரீச்சர் அந்தக் கடிதத்தைத் தமிழில் இரண்டு பிரதி எழுதித் தந்திருக்கிறார். ஒன்று இதோடு வருகிறது. மற்றதை உறையில் போட்டு ஜெயந்தாவின் பெயர் எழுதி முத்திரையும் ஒட்டி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஆனி இருபத்தொன்பது இராயப்பர் திருநாள், அதுவரைக்கும் அது அலுமாரிக்குள் இருக்கும், அடுத்த நாள் தபாலுக்குப் போகும். அதற்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு ஒருவரும் போகாத நாளாகப் பார்த்து, அக்காவையும் அத்தானையும் மேசையில் இருத்தி, ரீச்சருடைய தாளை உமது வாயால் முதல் வரி தொடக்கம் கடைசி வரி வரைக்கும் வாசியும். எனக்கு இங்கிலீசு பிழையாய் விளங்கிவிட்டது என்று சொல்லும், அவர்கள் நம்புவார்கள், அவ்வளவு நல்ல சனம். சாம்பல் நிறக் காரை விற்றுத் தள்ளும். கறுப்புக் காருக்கு வளவு காணாது என்றால் அதையும் விற்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை நடந்து போம், கோயில் இரண்டு தெரு தள்ளித்தான் என்று நிலக்சனா எழுதியிருக்கிறாள், ஆண்டவர் கோபிக்கமாட்டார், வயிறும் இறங்கும்.

வேறு புதினம் என்று பெரிதாக இல்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் கூட, எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன். வள்ளத்துக்கு இந்தக் கிழமை வர்ண மை பூசவேண்டும். மாதா கோயில் கூரையில் நாலு ஓடு காற்றுக்குப் போய்விட்டது, திருநாளுக்கு முதல் மாற்றவேண்டும் என்று பங்குச் சுவாமி சொல்லிக்கொண்டிருக்கிறார். ரீச்சரின் தங்கை மகள் அடுத்த கிழமை லண்டன் வருகிறாள், அவளிடம் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறோம், ஜெயந்தாவின் பெயர்தான் எழுதியிருக்கிறது, நீர் உடைக்கவேண்டாம். நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயந்தா அந்த மாவில் கூழ் காய்ச்சட்டும், எல்லாரும் சுற்றியிருந்து குடியுங்கள், தாளை வாசித்தபிறகு குடியுங்கள். பேரனுக்குத் தமிழ் நாக்கில் ஏறுகிறதா, அக்காவோடு இருந்தால் ஏறும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியச் சொல்லும்.

இனி நீ என்று எழுதுகிறேன், கை அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. அம்மா உன் நெற்றியிலும் நிலக்சனா நெற்றியிலும் பிள்ளைகள் எல்லாருடைய நெற்றியிலும் சிலுவை போட்டதாக எழுதச் சொல்கிறார், நானும் போடுகிறேன், ஆண்டவர் உங்களை ஒரே கூரைக்குக் கீழே வைத்துக் காக்கட்டும். ஜெயந்தா பிரான்சுக்குப் போகும்போது விட்டுப்போன றங்குப்பெட்டியை நேற்றுத் திறந்து அந்த நிவாரண அட்டையைத் தேடி எடுத்தேன், ஓரம் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்து அழியவில்லை. பிரதி எடுக்கவில்லை, அட்டையையே இதோடு வைக்கிறேன். முதல் வரியில் அம்புறோஸ், இரண்டாம் வரியில் ஜெயந்தா, மூன்றாம் வரியில் ஜெனோசன், நாலாம் வரியில் நீ, பெயருக்கு நேரே மைத்துனர் என்று விதானையாருடைய எழுத்து. அவர் அன்றைக்குக் கேட்டதை நான் இன்றைக்கு உன்னைக் கேட்கிறேன், ஒரே உலையோ? ஓம் என்றால் அட்டையை அம்புறோசின் கையில் கொடு, எனக்கு ஒரு பதிலும் தேவையில்லை. இல்லை என்றால், அந்த நாலாம் வரியை உன் கையால் வெட்டி எனக்குத் திருப்பி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. குருசுமுத்து